கேட்கவில்லையா, கேட்க மாட்டாரா?

(மீள்குடியேறிய கிராமங்களில் நடந்த சுகாதாரக் கூட்டங்களில் ஆற்றிய உரை, வாசிப்பதற்கு ஏற்றவாறு எழுதப்பட்டது)



எங்கள் மொழியில் 'கேட்பது' என்ற ஒரே சொல்லுக்கு மூன்று வேலை இருக்கிறது. கேள்வி கேட்கிறோம். சத்தம் கேட்கிறது. சொன்னபடி நடக்கிற பிள்ளையைச் 'சொல்வழி கேட்கிற பிள்ளை' என்கிறோம். பின்னால் சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோவதால் பல வீடுகளில் வீண் சண்டை நடக்கிறது. "மூண்டு தரம் கூப்பிட்டும் திரும்பிப் பாக்கிறானில்லை", "வேணுமெண்டு கேளாத மாதிரி இருக்கிறார்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த ஆளுக்கு உண்மையாகவே கேட்கிறதா என்று சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

நீங்கள் ஊருக்குத் திரும்பி, தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு வீடு, கிணறு, மலசலகூடம், விதைநெல், பிறப்புச் சான்றிதழ் என்று ஓடித் திரிகிற நேரம் இது. இந்த நேரத்தில் காதைப் பற்றிப் பேச வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். காலை இழந்தவரைக் கண்டவுடன் எல்லோருக்கும் தெரியும். எழுந்து இடம் விடுவோம். கேட்டல் குறைந்தவரைக் கண்டால் தெரியாது. பல வேளைகளில் அவருக்கே தெரியாது. தன் காதில் விழாத சத்தம் ஒன்று இருந்தது என்பதை அவர் எப்படி அறிவார்? வெடிச் சத்தங்களுக்கு நடுவே நீண்ட நாள் இருந்தவர்களும், பதுங்குகுழிக்குள்ளும் கொட்டிலுக்குள்ளும் சளியோடும் காய்ச்சலோடும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிற ஊர்களில் இது சின்ன விடயம் இல்லை.

நான் வைத்தியர் இல்லை. கலைப்பிரிவில் படித்துவிட்டு, தகவல்களை மக்களிடம் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். இங்கே சொல்பவை காது மூக்கு தொண்டை வைத்தியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட விடயங்கள். என்ன மருந்து என்று தீர்மானிப்பது அவர்களுடைய வேலை. எப்போது அவர்களிடம் போக வேண்டும், வீட்டில் எதைச் செய்யக்கூடாது என்பதை அறிந்துவைப்பது எங்கள் வேலை.

காது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். வெளியே தெரிகிற காதுமடல் ஒலியைச் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. உள்ளே போகிற துவாரம் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளம். அதன் முடிவில், மேளத்துக்குத் தோல் இழுத்துக் கட்டியதுபோல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதுதான் செவிப்பறை. அதன் குறுக்களவு ஒரு சென்ரிமீற்றர் அளவு. ஒலி வந்து பட்டதும் அது அதிரும். அதற்கு மறுபக்கம் காற்று நிறைந்த ஒரு சிறிய அறை. அதை நடுக்காது என்பார்கள். அந்த அறைக்குள் மூன்று சின்ன எலும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவற்றைச் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்று படிப்பார்கள். (உடற்கூற்றை எங்கள் மொழியில் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்திருக்கிறார். கிளினிக்கில் விளங்காததைத் தமிழில் விளங்கப்படுத்தும்படி தயங்காமல் கேளுங்கள்.) மூன்றாவது எலும்பான ஏந்தியுரு 3 மில்லிமீற்றர் அளவுதான், நெல்மணியில் பாதிகூட வராது. உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? உட்காதுக்குள் இருப்பது தண்ணீர் போன்ற திரவம். குளத்துக்குள் முழுகி இருக்கும்போது கரையில் நிற்பவர்கள் பேசுவது உங்களுக்கு விளங்காது. காற்றில் வருகிற ஒலி தண்ணீரில் பட்டால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அந்தத் திரவத்தை அசைக்க, ஒலிக்குக் கூடுதல் தள்ளு வேண்டும். செவிப்பறை அகலமானது, ஏந்தியுரு தள்ளுகிற உட்சன்னல் அதைவிடப் பல மடங்கு சிறியது. அலவாங்கைக் கையில் பிடித்துக் குத்தும்போது எங்கள் பலமெல்லாம் கூரில் சேர்ந்து நிலத்துக்குள் இறங்குவதுபோல, செவிப்பறையில் விழுந்த அதிர்வு முழுவதும் அந்தச் சின்னச் சன்னலில் சேருகிறது.

சன்னலுக்கு அப்பால் நத்தையின் ஓடுபோலச் சுருண்ட ஒரு குழாய். பட்டாணி அளவுதான். இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல். அதற்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத மயிர் முளைத்த கலங்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 வரிசையாக நிற்கின்றன. திரவம் அசைய மயிர்கள் சாயும். சாயும்போது சின்ன மின்சாரம் பிறந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகும். சுருளின் வாசலடியில் இருக்கும் கலங்கள் கீச்சுச் சத்தங்களுக்கு, உள் நுனியில் இருப்பவை மேளம்போன்ற கனத்த சத்தங்களுக்கு. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

வயல் செய்கிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பயிர் வாடினால் நீங்கள் முதலில் போய்ப் பார்ப்பது வாய்க்காலை. எங்கேயாவது அடைத்திருக்கிறதா, உடைத்துக்கொண்டதா என்று. வாய்க்கால் சரி, தண்ணீரும் வருகிறது, ஆனாலும் பயிர் வாடிக் கிடக்கிறது என்றால் பழுது வயலில். காதும் அப்படித்தான். துவாரம், செவிப்பறை, மூன்று எலும்புகள் எல்லாம் வாய்க்கால். அங்கே வருகிற பழுதை அநேகமாகத் திருத்தலாம். சுருளுக்குள் இருக்கும் மயிர்க்கலங்கள் பயிர். ஆனால் நெற்பயிரைப்போல அடுத்த போகத்துக்கு அவற்றை மீண்டும் விதைக்க முடியாது. மனிதருக்குச் செத்த மயிர்க்கலம் மறுபடி முளைப்பதில்லை. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் கடைசிவரை.

இப்போது எல்லோரும் ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். எந்தப் பக்கம் பெரிதாகக் கேட்கிறது? பொத்திய பக்கம். வாசலை அடைத்த காதில் கூடுதலாகக் கேட்பது வேடிக்கைதான். உங்கள் குரல் மண்டை எலும்பு வழியாக நேரே உட்காதுக்குப் போகிறது. வாசல் அடைபட்டதால் வெளியே தப்பிப் போகவில்லை, வெளிச் சத்தமும் குழப்பவில்லை. வைத்தியர் அதிரும் கவர் ஒன்றை நெற்றியில் வைத்து "எந்தக் காதில் கேட்கிறது?" என்று வினவுவதும் இதற்காகத்தான். ஒரு பக்கம் கேட்கவில்லை என்று வந்தவருக்கு, கேட்காத பக்கமே சத்தம் பெரிதாக இருந்தால் பழுது வாய்க்காலில் என்ற எண்ணம் வரும். நல்ல பக்கம் போனால் உட்காதில் என்று தேடுவார்கள். வீட்டில் இதைச் செய்து பார்த்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். பழுது இரண்டு இடங்களில் இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு என்று காட்டத்தான் சொன்னேன். "காது போட்டுது, இனி என்ன செய்யிறது" என்று வீட்டில் இருந்துவிடுகிற பலருக்குப் பழுது வாய்க்காலில்தான் இருக்கிறது.

ஷெல்லோ குண்டோ பக்கத்தில் வெடித்தால் சத்தத்தோடு காற்றின் அழுத்தமும் வந்து அடிக்கும். உடம்பில் அந்த அடிக்கு முதலில் கிழிகிற இடங்களில் ஒன்று செவிப்பறை. குத்து, கொஞ்சம் இரத்தம், பஞ்சு அடைத்ததுபோல மந்தம், இடைவிடாத இரைச்சல். அந்த நேரத்தில் உயிர் தப்பினால் போதும் என்று ஓடியவர்கள் காதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இப்படிக் கிழிந்த சின்னத் துவாரங்கள் பெரும்பாலும் சில கிழமைகளிலிருந்து 3 மாதத்துக்குள் தாமாகவே மூடிக்கொள்ளும், தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போகாமல் பார்த்தால். பெரிய துவாரங்களும், சீழ் பிடித்தவையும் மூடாமலே இருந்துவிடும். அப்படி இருந்தாலும் காலம் கடந்துவிட்டது என்று விடாதீர்கள். காதுக்கு மேலே உள்ள தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டு எடுத்துச் செவிப்பறையை ஒட்டிச் சரிசெய்யும் சத்திரசிகிச்சை உண்டு. எலும்புகள் இடம் விலகியிருந்தால் அதையும் திருத்த முயலலாம்.

அதே வெடி மயிர்க்கலங்களையும் அடித்திருக்கலாம். அது வேறு கணக்கு. காற்றுக்குச் சாய்ந்த பயிர் மறுநாள் நிமிரும். யானை மிதித்த பயிர் நிமிராது. ஒரு வெடிக்குப் பிறகு சில மணித்தியாலமோ ஒரு நாளோ மந்தமாக இருந்து திரும்ப வந்தால் பயிர் சாய்ந்து நிமிர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்காகத் திரும்பவில்லை, செவிப்பறையும் நன்றாக இருக்கிறது என்றால், போனது போனதுதான். அங்கே மருந்தைத் தேடிக் காசு செலவழிப்பதைவிட மிச்சம் இருக்கும் கேட்டலைக் கேட்டல் கருவியால் பயன்படுத்துவதுதான் வழி. நரம்புக்கு உயிர் கொடுக்கும் தைலம் என்று ஊர்ச் சந்தைகளில் போத்தல் விற்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள்.

இப்படி மயிர்க்கலம் போனவர்களுடைய குறை வினோதமானது. சத்தம் கேட்கும், சொல் விளங்காது. வாசலடியில் இருக்கும் கலங்கள்தான் முதலில் அடிபடுகின்றன என்பதால் கீச்சுச் சத்தங்கள் முதலில் போகும். எங்கள் பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை. க, ச, த, ப போன்றவை மெல்லிய, உயர்ந்த ஒலிகள். 'கடை', 'சடை', 'தடை', 'படை' நான்கும் அவருக்கு '...டை' என்று ஒன்றுபோலவே விழும். "கடைக்குப் போட்டு வா" என்றால் எங்கே போக வேண்டும் என்று ஊகித்துத்தான் அறிவார். சில நாள் ஊகம் சரியாக இருக்கும். "தனக்கு வேண்டியது மட்டும் கேக்குது" என்று வீட்டில் பேச்சு வருவது இதனால்தான். நீங்கள் சத்தம் போட்டுக் கத்தினால் '...டை' பெரிதாகக் கேட்குமே தவிர 'க' விளங்காது. கத்துகிற முகம் கோபமாக வேறு தெரியும். பேரப்பிள்ளையின் கீச்சுக் குரலும் காட்டுக் குருவியும் முதலில் மறைவதும் இதே காரணத்தால்தான்.

நிவாரணம் கொடுத்த ஓர் இடத்தில் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டது விளங்காமல் மாலைவரை குந்தியிருந்த ஓர் ஆச்சியை நான் கண்டேன். "ஆச்சிக்கு அறளை பேந்திட்டுது" என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். முன்னால் போய் இருந்து, முகத்தைப் பார்த்து, ஆறுதலாகக் கதைத்தபோது எந்த வருடம் எந்த ஊரில் இருந்தார் என்பதிலிருந்து நெல் மூட்டைக் கணக்குவரை ஒழுங்காகச் சொன்னார். எங்களைப் போன்ற நிறுவனங்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் சொன்னால் ஊருக்கே சொன்னதாக எண்ணிக்கொள்கிறோம்.

இனிப் பிள்ளைகள். இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் சீழ் வடிகிற காதை மறக்க வேண்டாம். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. காற்றை உள்ளே விடுவதற்காக. கொட்டாவி விடும்போது காதில் 'டக்' என்று கேட்பது அந்தக் குழாய் திறக்கும் சத்தம். குழந்தைகளுக்கு அது கட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால் தடிமன் வந்தவுடன் கிருமி இலகுவாக நடுக்காதுக்குப் போய்விடும். பிள்ளை இரவெல்லாம் அழும், காதைப் பிடித்து இழுக்கும், காய்ச்சல் அடிக்கும். பிறகு செவிப்பறை துளைத்துக்கொண்டு சீழ் வரும். சீழ் வந்தவுடன் குத்து நின்றுவிடும், பிள்ளை நித்திரையாகிவிடும். பெற்றோர் நிம்மதி அடைவது அப்போதுதான். கவனிக்க வேண்டியதும் அப்போதுதான். நோ இல்லாமல் மாதக்கணக்காக வடிகிற காதுதான் பிள்ளையின் கேட்டலை மெல்ல மெல்லத் தின்கிறது. "பல்லு முளைக்கிறதுக்கு வடியுது", "வளர நின்றிடும்" என்று விட வேண்டாம். 2 கிழமைக்கு மேல் வடிந்தால் அது நாட்பட்ட நோய். அதற்கு முன்னரே கிளினிக்குக்குக் கொண்டுபோவது நல்லது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று, காதை உலர வைப்பது. தண்ணீர் உறிஞ்சும் சுத்தமான பருத்தித் துணியையோ மெல்லிய கடதாசியையோ திரிபோல முறுக்கி, காதுக்குள் மெதுவாக வையுங்கள். நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டுப் புதியது வையுங்கள். திரி நனையாமல் வரும்வரை இப்படிச் செய்ய வேண்டும், நாளைக்கு மூன்று தரம். திரியை உள்ளே விட்டுவிட்டுப் போகக்கூடாது. தடியில் பஞ்சு சுற்றி விடக்கூடாது. நல்லெண்ணெய், உள்ளி காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் எதுவும் ஊற்றக்கூடாது. துளை இருக்கிற செவிப்பறைக்குள் எண்ணெய் போனால் கிருமிக்கு அது சாப்பாடு. குளத்தில் முழுகவும் விட வேண்டாம். இதோடு வைத்தியர் தருகிற மருந்தை முடியும்வரை பாவிக்க வேண்டும். சீழ் நின்றவுடன் நிறுத்தக்கூடாது.

காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு வீங்கிச் சிவந்து நொந்தாலோ, சீழ் கெட்ட நாற்றம் வீசினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலைச்சுற்று, வாந்தி, கடும் தலையிடி வந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். கிருமி மூளைப் பக்கம் போகிற அறிகுறி அது.

பள்ளிக்கூடத்தில் பின் வாங்கிலில் இருந்து பராக்குப் பார்க்கிற பிள்ளை, சொல்வதெழுதலில் மட்டும் புள்ளி குறைகிற பிள்ளை, ரீவியைச் சத்தமாக வைக்கிற பிள்ளை, கூப்பிட்டால் உங்கள் வாயையே பார்க்கிற பிள்ளை: இவர்களை மொக்கு, குழப்படி என்று சொல்வதற்கு முன் காதைச் சோதிக்கக் கொண்டுபோங்கள். இடப்பெயர்வில் தவறிய வகுப்புகளால்தான் பின்தங்கினார் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆசிரியரிடம் சொல்லி, நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன் வாங்கிலில் இருத்தினாலே பாதி வேலை முடியும்.

கைக்குழந்தைக்கு எப்படித் தெரியும்? பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். 6 மாதமளவில் குரல் வருகிற பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்க வேண்டும். சோதிக்கும்போது பிள்ளை உங்களைக் காணாதபடி பின்னால் நின்று, கையசைவின் காற்றுப் படாமல் சத்தம் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிறவியில் கேளாத பிள்ளை பேசாமல் இருப்பது நாக்கின் குற்றத்தால் இல்லை, பேச்சைக் கேட்காததால்தான். முதல் சில வருடங்கள் மிகவும் பெறுமதியானவை. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று அவற்றைக் கழிக்க வேண்டாம். அறவே கேளாத பிள்ளைகளுக்குக் கல்வி இருக்கிறது. வடக்கில் கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வருகிற ருபெல்லா குழந்தையின் காதைக் கெடுக்கும். இலங்கையில் அதற்கான தடுப்பூசி 1996 முதல் கொடுக்கப்படுகிறது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஊசிகள் தவறியிருந்தால் பிள்ளைகளுக்கும் இளம் பெண்களுக்கும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, மூளைக்காய்ச்சல் இவையும் காதைத் தொடும் நோய்கள்தான்.

காதுக்குடுமியைப் பற்றி ஒரு வார்த்தை. அது அழுக்கு என்று நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் தூசியையும் பூச்சியையும் தடுக்கக் காது தானே செய்கிற மெழுகு. தானாகவே மெல்ல வெளியே வந்துவிடும். ஈர்க்கு, சட்டைப்பின், நெருப்புக்குச்சி, கோழி இறகு, சாவி எல்லாம் விட்டுக் குடைகிறவர்கள் அதை உள்ளே தள்ளி அடைத்துவிடுகிறார்கள். முழுகிவிட்டு வந்து திடீரென்று ஒரு காது அடைத்ததென்றால் பெரும்பாலும் குடுமி ஊதியதுதான்; வைத்தியசாலையில் எடுத்துவிடுவார்கள். நிலத்தில் படுக்கிற கொட்டில்களில் பூச்சி புகுவதும் உண்டு. கிண்ட வேண்டாம். அந்தக் காதில் முன்பு சீழோ துவாரமோ இருந்ததே இல்லை என்றால் மட்டும், சூடு இல்லாத சுத்தமான தேங்காய் எண்ணெய் சில துளி விட்டால் பூச்சி செத்துவிடும். பிறகு போய் எடுப்பித்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்தாலும் சத்தம் முடியவில்லை. லேண்ட்மாஸ்டர், சூடடிக்கும் இயந்திரம், நெல் ஆலை, மரம் அறுக்கும் வாள், ஜெனரேற்றர், வள்ளத்தின் இயந்திரம், கோயில் ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் இருக்கும் கடை. 85 டெசிபல் என்ற அளவுக்கு ஒரு நாளில் 8 மணித்தியாலம்வரை தாங்கலாம் என்பது கணக்கு. 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உங்களிடம் அளவு கருவி இருக்காது. கை எட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்குக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சை அடைத்தால் பெரிதாகத் தடுக்காது. இதற்கென்று செய்த காதடைப்பான்களைக் கேட்டு வாங்குங்கள். கூலிக்கு ஆட்களை நிறுத்துகிற முதலாளிமாரும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சில மருந்துகளும் உட்காதைக் கெடுக்கும். ஜென்ராமைசின், ஸ்ரெப்ரோமைசின் ஊசிகள் அவற்றில் சேரும். உயிரைக் காக்க அவை தேவைப்படுகிற நேரங்கள் உண்டு, பயந்து மறுக்க வேண்டாம். ஊசி ஏற்றுகிற நாட்களில் இரைச்சலோ தள்ளாட்டமோ வந்தால் உடனே சொல்லுங்கள். முன்பு நன்றாகக் கேட்ட காது, காரணம் தெரியாமல் ஓரிரு நாளுக்குள் செத்துப்போனதுபோல ஆனால் அதுவும் அவசரம்தான். முதல் நாட்களில் போனால் மீட்க வாய்ப்பு உண்டு.

பலர் வெளியே சொல்லாத ஒன்று காதிரைச்சல். இரவில் எல்லாம் அடங்கியபின் சில்வண்டுபோல, விசில்போல, மழைபோல ஓயாமல். "எனக்கு விசர் பிடிக்குதோ" என்று ஒருவர் தனியாக வந்து வினவினார். வெடியில் அடிபட்ட காதிலிருந்து சத்தம் வராதபோது மூளை அந்த வெற்றிடத்தைத் தானே நிரப்புகிறது என்று வைத்தியர்கள் விளக்குகிறார்கள். விசர் ஒன்றும் இல்லை. அமைதியில்தான் அது பெருக்கும். படுக்கும்போது ரேடியோவை மெல்லிய சத்தத்தில் விட்டுவையுங்கள். நித்திரையின்மையும் கவலையும் அதைக் கூட்டும். பழைய நினைவுகள் வந்து நித்திரை குழம்புகிறதென்றால் இரண்டையும் சேர்த்தே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், அல்லது நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிற இரைச்சல் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். திருவிழா வெடிக்குச் சிலர் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். சிரிக்காதீர்கள்.

கேட்டல் கருவி கிடைத்தவர்கள் முதல் கிழமையில் கழற்றி வைத்துவிடுவதை அடிக்கடி காண்கிறோம். கண்ணாடி போட்டவுடன் எழுத்துத் தெரிவதுபோல இது இல்லை. தட்டுமுட்டுச் சத்தம், காற்று, கோழி எல்லாம் சேர்ந்து வரும். முதலில் வீட்டுக்குள், ஒரு ஆளோடு கதைக்கும்போது மட்டும், நாளுக்கு ஓரிரு மணித்தியாலம் போட்டுப் பழகுங்கள். மழை, வியர்வை, குளிப்பு ஆகாது. சின்னப் பட்டரிகளைப் பிள்ளைகள் விழுங்கினால் பேராபத்து, எட்டாத உயரத்தில் வையுங்கள். கருவிக்கும் பட்டரிக்கும் உதவி பெறப் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

கேட்காதவரோடு கதைக்கும்போது அடுப்படியில் இருந்து கூப்பிடாமல் முன்னால் வாருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ நில்லுங்கள். விளங்காவிட்டால் அதே சொல்லைத் திரும்பக் கத்தாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள். 'கடை' விளங்காதவருக்குச் 'சாமான் வாங்க' என்றால் விளங்கும். "ஒண்டுமில்லை, விடுங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். மிதிவெடி அகற்றும் இடங்களில் வெடிக்க வைக்கும் நாள் அறிவித்தால், விசில் ஊதினால், இரவில் யானை வந்தால் அவருக்கு நேரே போய்ச் சொல்ல ஒரு ஆளை அயலுக்குள் முன்கூட்டியே ஒழுங்குபண்ணி வையுங்கள். அடையாளம் போட்ட இடங்களை அவருக்குக் கையால் காட்டிக்கொடுங்கள்.

வைத்தியசாலைக்குப் போகும் வழி சிக்கலானது இல்லை. கிட்டிய அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் முதலில் காட்டுங்கள், அங்கே காசு இல்லை. தேவையென்றால் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள்; யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அந்தக் கிளினிக் உண்டு. எப்போது தொடங்கியது, எந்தக் காது, சீழ் வந்ததா, வெடி பட்டதா, என்ன மருந்து பாவித்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய கிளினிக் கொப்பி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதற்காகத் தயங்க வேண்டாம், புதிதாகப் பதிவார்கள். கேட்காதவர் தனியாகப் போகாமல் ஒருவர் கூடப் போக வேண்டும். அங்கேயும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அடுத்த திகதி எழுதிய புதுக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, மழை ஒழுகாத இடத்தில் செருகி வையுங்கள்.